வழிநடைப் பாத்தியம்

நடப்பதற்காகவே நடக்கும் வழக்கம் நம் பக்கத்தில் அவ்வளவாகக் கிடையாது. நாம் நடந்தால் அதற்கு ஒரு முகாந்திரம் இருக்கும். பஸ் தவறிவிட்டால் நடப்போம். பழனியாண்டவனுக்கு வேண்டிக்கொண்டால் காவடி தூக்கி நடப்போம். சர்க்கரை ஏறியிருக்கிறது என்று வைத்தியர் மிரட்டினால், விடியற்காலையில் மப்ளரைக் கட்டிக்கொண்டு கோயில் பிராகாரத்தைச் சுற்றுவோம். இவை ஒன்றும் இல்லாமல் ஒருவன் நடுப்பகலில் வயல் வரப்பில் போய்க்கொண்டிருந்தால், எதிரே வருகிறவர் நின்று, "என்ன, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிடுவார்.

இங்கிலீஷ்காரர் விஷயம் வேறு. விடுமுறை நாளில் நாலு சிநேகிதர்களாகச் சேர்ந்துகொண்டு, கனத்த பூட்ஸ் மாட்டிக்கொண்டு, மழைக்கோட்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, யாரோ ஒருவருடைய வயல் வழியாக நாலைந்து மைல் நடப்பார்கள். நடையின் முடிவில் ஒரு பப் இருக்க வேண்டும். அங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நடை முக்கியமா, சாப்பாடு முக்கியமா என்று கேட்டால் நேராகப் பதில் வராது. மேகத்தைப் பார்த்துவிட்டு, மழை வரும் போலிருக்கிறது என்பார்கள்.

சென்ற மே மாதம் அப்படி ஒரு நடை எனக்கும் வாய்த்தது. ஆக்ஸ்போர்டிலிருந்து புறப்பட்டுத் தேம்ஸ் கரையோடு வுல்வர்கோட் என்ற கிராமம் வரைக்கும். தூரம் மூன்று மைலுக்கு மேல் இராது. ஆனால் நாங்கள் காலை ஒன்பதரை மணிக்குக் கிளம்பி, சாப்பிட உட்காரும்போது மணி ஒன்றாகிவிட்டது.

நாங்கள் என்றால் நாலு பேர். என்னை விட்டுவிடுங்கள். இரண்டாவது ஆள் என் கல்லூரிச் சிநேகிதன். ஊசி போடும் டாக்டர் அல்ல, ரசாயன டாக்டர். பதினெட்டு வருஷமாக ஆக்ஸ்போர்டில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறான். மூன்றாவது, கும்பகோணத்தில் ஒரு பாங்கியில் மானேஜராக இருக்கும் இன்னொரு சிநேகிதன். பிள்ளையை லண்டனில் ஒரு கல்லூரியில் சேர்ப்பதற்காக வந்தவன், என்னையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தான். நாங்கள் மூவரும் கும்பகோணம் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவர்கள் இருவரும் முழுசாகப் படித்தார்கள். நான் இரண்டு வருஷத்தோடு நிறுத்திக்கொண்டு கதை எழுதப் போய்விட்டேன். காவிரிக்கரையில் இருக்கிற எங்கள் கல்லூரிக்குத் 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்று ஒரு பட்டம் உண்டு. ஆகையால், கேம்பிரிட்ஜ்காரர்கள் மூன்று பேர் ஆக்ஸ்போர்டின்மேல் படையெடுத்திருக்கிறோம் என்று மானேஜர் ரயிலை விட்டு இறங்கியதும் பிரகடனம் செய்தான். ஸ்டேஷனில் யாரும் பயந்ததாகத் தெரியவில்லை.

நாலாவது ஆள் டாக்டரின் பக்கத்து வீட்டுக் கிழவர். எழுபத்தைந்து வயசிருக்கும். வுல்வர்கோட்டில் பிறந்தவர். அங்கே இருந்த காகித ஆலையில் வேலை பார்த்து, ஆலை 1998இல் மூடப்பட்டபோது வெளியே வந்தவர். பிறந்த இடத்திலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் தாம் குடியிருந்ததே இல்லை என்று முதல் ஐந்து நிமிஷத்திலேயே சொல்லிவிட்டார். பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. டாக்டர் அதைக் கேட்டுக்கொண்டு பூட்ஸ் கயிற்றை மறுபடி அவிழ்த்துக் கட்டினான்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மானேஜரின் தோள்பையில் ஒரு பழுப்புக் கவர் இருந்தது. டாக்டரின் தம்பி கொடுத்தனுப்பியது. டாக்டரின் தாயார் அதற்கு முந்திய வருஷம் காலமாகிவிட்டாள். அவன் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள். அரசலாற்றங்கரையில் இருக்கும் வீடு அதற்குப் பிறகு பூட்டிக் கிடக்கிறது. அதை விற்பதற்குத் தம்பி ஏற்பாடு செய்து, அண்ணன் சம்மதிக்க வேண்டிய அதிகாரப் பத்திரத்தின் நகலையும் கிரயப் பத்திர நகலையும் சேர்த்து அனுப்பியிருந்தான். மானேஜர் வந்து மூன்று நாளாகியும் கவரை வெளியே எடுக்கவில்லை. "இன்னிக்கு வேண்டாம், தூக்கம் கெட்டுடும்" என்று ஒரு நாள். "இன்னிக்கு அவன் சந்தோஷமா இருக்கான்" என்று ஒரு நாள். நடந்து சாப்பிட்ட பிறகு, வயிறு நிறைந்திருக்கும்போது கொடுத்துவிடுவது என்று எனக்கும் அவனுக்கும் ஏற்பாடு.

முதலில் ஒரு கல்லறைக்குப் போனோம். வால்டன் தெருவிலிருந்து பிரிகிற ஒரு குறுகலான சந்தில் போனால் ஸெயிண்ட் ஸெபல்கர் கல்லறைத் தோட்டம். ஊர் நடுவே இப்படி ஒரு நிசப்தம் இருக்கும் என்று வெளியிலிருந்து தெரியாது. அங்கேதான் ஜி. யு. போப் அடக்கமாகியிருக்கிறார். தம் கல்லறையில் 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று பொறிக்கச் சொன்னார் என்று நம் ஊர் மேடைகளில் சொல்லாதவர் இல்லை. மானேஜரும் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தான். கல்லில் அப்படி இல்லை. அதில் இருப்பது வேறு: தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்பது போல ஊர் பெயராகவே தென்னிந்தியாவைப் போட்டிருக்கிறது. பல்கலைக் கழகத்தில் தமிழும் தெலுங்கும் போதித்தவர், பேலியல் கல்லூரியின் குருவாக இருந்தவர், 1820இல் பிறந்து 1908இல் காலமானவர் என்ற விவரங்கள். கடைசியில், இந்தக் கல்லை அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவில் உள்ள தமிழ்ச் சிநேகிதர்களும் சேர்ந்து நாட்டினார்கள் என்ற செய்தி.

மானேஜருக்குக் கொஞ்சம் ஏமாற்றந்தான். எனக்கு என்னமோ, மேடையில் சொல்கிற வாசகத்தைவிட இது உயர்ந்ததாகப் பட்டது. ஆறாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து காசு சேர்த்து அனுப்பி ஒருவருக்குக் கல் வைக்கிறார்கள் என்றால், அதற்குமேல் என்ன வாசகம் வேண்டும்?

போப் 1839இல் பத்தொன்பது வயசுப் பையனாகத் தமிழ்நாட்டுக்கு வந்தவர். சாயர்புரம், தஞ்சாவூர், உதகை என்று அவர் இருந்த ஊர்களெல்லாம் நமக்குப் பக்கத்து ஊர்கள். வயசான காலத்தில் இங்கிலாந்துக்குத் திரும்பி ஆக்ஸ்போர்டில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். குறளை 1886இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த கதை. பேலியல் கல்லூரித் தலைவரான ஜோவெட்டும் அவரும் ஒரு ராத்திரி கல்லூரி முற்றத்தில் உலாவிக்கொண்டே தமிழ் நூல்களைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். திருவாசகத்தை மொழிபெயர்த்து அச்சிட வேண்டியதுதானே என்று ஜோவெட் கேட்டார். அதற்கு நாளாகும், எனக்கு அவ்வளவு ஆயுள் ஏது என்றார் போப். கையில் பெரிய வேலை ஒன்று இருந்தால் அது முடிகிற வரைக்கும் ஆயுள் இருக்கும் என்று ஜோவெட் தைரியம் சொன்னாராம். ஜோவெட் 1893இல் போய்விட்டார். போப் தம் எண்பதாவது பிறந்த நாளன்று, 1900 ஏப்ரலில், திருவாசகத்தை வெளியிட்டார். இருவரும் இப்போது ஒரே தோட்டத்தில் இருக்கிறார்கள். உலாவிக்கொண்டே பேசும் பேச்சுக்குச் சில சமயம் இப்படிப் பலன் உண்டு.

டாக்டர் கல்லுக்குப் பக்கத்தில் முளைத்திருந்த களையைப் பிடுங்கிப் போட்டான். "வருஷத்துக்கு ரெண்டு தரம் வருவேன்" என்றான். அவ்வளவுதான்.

தெருவுக்குத் திரும்பி, பல்கலைக் கழக அச்சகத்தின் பெரிய வாசலைத் தாண்டிப் போனோம். கிழவர் அங்கே நின்று தொப்பியைத் தொட்டார். தம் ஆலைக் காகிதமெல்லாம் இங்கேதான் வந்தது என்றார். அச்சுக்கூடத்தை 1989இல் மூடிவிட்டார்கள். இப்போது வெளியீட்டு வேலை மட்டுந்தான். பைபிளையும் பெரிய அகராதிகளையும் அச்சிட, மெல்லிசாகவும் ஆனால் மறுபக்க எழுத்துத் தெரியாமலும் ஒரு காகிதம் உண்டல்லவா? 1875 முதல் அதற்கு வுல்வர்கோட்டுக் காகிதந்தான் பேர்போனது. அதற்கு 'இந்தியா பேப்பர்' என்று பெயர். "இந்தியாவிலிருந்து வந்ததா?" என்று மானேஜர் ஆசையோடு கேட்டான். இல்லை, இன்னும் கிழக்கே எங்கிருந்தோ வந்த ஒரு மாதிரியைப் பார்த்துச் செய்தது; அந்தக் காலத்தில் கிழக்கேயிருந்து எது வந்தாலும் இந்தியா என்றுதான் சொல்வார்கள் என்றார் கிழவர். மானேஜருக்கு அன்றைக்கு இரண்டாவது ஏமாற்றம்.

வீடுகள் முடிந்ததும் திடீரென்று வெளி. போர்ட் மெடோ என்று பெயர். முந்நூறு ஏக்கருக்கு மேல் ஒரே புல்தரை. வேலி இல்லை, வரப்பு இல்லை. குதிரைகளும் மாடுகளும் அது பாட்டுக்கு மேய்கின்றன. தண்ணீர் ஓரத்தில் வாத்துக் கூட்டம், ஊர்ப் பஞ்சாயத்துக் கூடினாற்போல் ஒரே கூச்சல். நம் பாஷையில் சொன்னால் இது மேய்ச்சல் புறம்போக்கு. ஆனால் நம் புறம்போக்குகளுக்கு நேர்ந்த கதி இதற்கு நேரவில்லை. 1086ஆம் வருஷம் இங்கிலாந்து முழுவதையும் அளந்து கணக்கெடுத்தார்கள். நம் செட்டில்மெண்ட் ரிஜிஸ்டர் மாதிரி. அதில், ஆக்ஸ்போர்டு நகரத்தாருக்கு மதிலுக்கு வெளியே பொது மேய்ச்சல் நிலம் உண்டு, அதற்கு ஆறு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் கட்டுகிறார்கள் என்று பதிவாகியிருக்கிறது. அன்று முதல் இன்று வரைக்கும் அந்தப் பாத்தியதை இருந்துவருகிறது. இந்தத் தரையில் ஏர் பட்டதே இல்லை என்று சொல்கிறார்கள். மழைக்காலத்தில் வெள்ளம் ஏறி ஏரியாகிவிடும். குளிர் கடுமையானால் அது உறைந்து, பிள்ளைகள் சறுக்கி விளையாடும்.

மானேஜர் பாங்கிக்காரன் அல்லவா? கண்ணை இடுக்கிக்கொண்டு சுற்றிப் பார்த்தான். "நகரத்துக்கு ஒட்டினாப்பல முந்நூறு ஏக்கர். சென்ட் கணக்கில போட்டா..." என்று ஆரம்பித்தான். டாக்டர் சிரித்துவிட்டான். அன்று அவன் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஆற்றைப் பாலத்தில் கடந்து மேற்குக் கரைக்குப் போனோம். இந்தப் பக்கத்தில் ஆறு வளைந்து வளைந்து போகிறது. அகலம் நம் அரசலாறு இருக்கும். கரையெல்லாம் நீர் நொச்சி மாதிரி தாழ்ந்த மரங்கள். வேலிகளில் வெள்ளையாகப் பூத்துத் தள்ளியிருந்த முட்செடிக்கு மே மாதத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். எதிரே வருகிறவர்கள் ஒருவர் பாக்கி இல்லாமல், நல்ல நாள் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நாய்கள் மட்டும் எங்களை முகர்ந்து பார்த்துவிட்டு, இது என்ன புது வாசனை என்று யோசித்தன. மானேஜரின் பையில் ஊரிலிருந்து வந்த முறுக்கு இருந்தது.

இதே கரையில் பின்ஸி என்ற குக்கிராமம். கூரை வேய்ந்த பழைய சத்திரம் ஒன்று மரங்களுக்கிடையில் தெரிந்தது. பெர்ச் என்று மீன் பெயர் அதற்கு. மானேஜர் ஆவலாகத் திரும்பினான். கிழவர் தலையசைத்துவிட்டு நடந்தார். இன்னும் பசி வரவில்லை என்பது அவருடைய அபிப்பிராயம்.

1862 ஜூலை 4ஆம் தேதி இந்த ஆற்றில்தான் ஒரு கணித ஆசிரியர் தம் சிநேகிதரோடும் மூன்று சிறுமிகளோடும் படகில் போனார். காட்ஸ்டோ வரைக்கும் போகிற வழியில் குழந்தைகளைச் சமாதானப்படுத்த ஒரு கதை கட்டினார். ஆலிஸ் முயல் வளைக்குள் விழுந்த கதை. மூன்று வருஷம் கழித்துப் புஸ்தகமாக வந்தது. கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அந்தத் துடுப்புப் போட்டவர்மேல் கொஞ்சம் பொறாமை உண்டு. பத்திரிகைக்கு நாள் கடந்து, ஆள் வந்து வாசலில் உட்கார்ந்திருக்கும்போது எழுதுகிற நமக்கு அப்படி ஒரு கதை வருமா?

காட்ஸ்டோவில் இடிந்த சுவர்கள் இருக்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் கட்டிய கன்னிமாடம். இரண்டாம் ஹென்ரி அரசனின் ஆசை நாயகியான ரோஸமண்டை இங்கே சந்நிதானத்துக்கு முன்னால் அடக்கம் செய்து, விளக்கேற்றிவந்தார்கள். 1191இல் வந்த ஒரு பிஷப்புக்கு அது பொறுக்கவில்லை. அவளை வெளியே கொண்டுபோய்ப் புதைக்கச் சொல்லிவிட்டார். மண்ணுக்குள் போன பிறகும் இடம் மாற வேண்டியிருக்கிறது. 1539இல் மடத்தையே கலைத்தார்கள். அடுத்த நூற்றாண்டில் உள்நாட்டு யுத்தத்தில் கட்டடமும் போயிற்று. இப்போது மாடுகள் நிழலுக்கு ஒதுங்குகின்றன.

அங்கே ஒரு குட்டைச் சுவரில் உட்கார்ந்துதான் கிழவர் தம் தேசப்படத்தைப் பிரித்தார். சர்க்கார் அளவைப் படம். ஒவ்வொரு குடிசையும், ஒவ்வொரு கிணறும், ஒவ்வொரு வேலியும் அதில் இருக்கிறது. பச்சைக் கோடுகள் புள்ளி புள்ளியாக ஓடின. அவையெல்லாம் பொதுவழிகள் என்றார். நிலம் யாருடையதாகவும் இருக்கலாம். பிரபுவாக இருக்கட்டும், கோடீஸ்வரனாக இருக்கட்டும், அந்தக் கோட்டின் மேல் நடப்பவனைத் தடுக்க முடியாது. வேலி போட்டால் அதில் ஒரு கடவு வைத்தே தீர வேண்டும்.

"அது எப்படிப் பொதுவழியாயிற்று?" என்று கேட்டேன்.

நடந்து நடந்துதான் என்றார். இருபது வருஷம் ஜனங்கள் கேட்காமலும் மறைக்காமலும் ஒரு வழியில் நடந்து, சொந்தக்காரன் தடுக்காமலும் இருந்துவிட்டால் அது பொதுவழியாகிவிடும். 1932இல் சட்டமே வந்துவிட்டது. 1949இல் இன்னொரு சட்டம் போட்டு, எல்லா வழிகளையும் படத்தில் குறிக்கச் சொன்னார்கள். அந்த 1932ஆம் வருஷத்தில்தான், வடக்கே மலைப் பக்கத்தில் வேட்டைக்கென்று பிரபுக்கள் அடைத்துவைத்திருந்த காட்டுக்குள் ஆலைத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் புகுந்து நடந்தார்கள். ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்குவதற்காக ஜெயிலுக்குப் போன மனிதர்களை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

"நம்ம ஊர்ச் சட்டத்திலயும் இருபது வருஷந்தான்" என்றான் மானேஜர். "1882 ஈஸ்மெண்ட் ஆக்ட். அடமானம் வைக்க வர்றவங்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும்."

டாக்டர் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆற்றோரத்தில் டிரௌட் என்ற பழைய சத்திரம் இருக்கிறது. அதுவும் மீன் பெயர்தான். தண்ணீர் மதகில் விழுந்து நுரைக்கிற இடத்தை ஒட்டி மேஜைகள் போட்டிருக்கிறார்கள். பார்க்க ரம்மியமாக இருந்தது. ஆனால் கிழவர், இது படம் பிடிக்கிறவர்களுக்கு, நாம் சாப்பிடுகிறவர்கள் என்று சொல்லி, கிராமத்துக்குள் இருந்த ஒரு சின்னப் பப்புக்கு அழைத்துக்கொண்டு போனார்.

பப் என்றதும் வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். நம் ஊரில் சர்க்காரே 2003 முதல் சில்லறையாக விற்கிற கடைகளின் வாசலை நினைத்துக்கொண்டு அங்கே போனால் திகைத்துப்போவீர்கள். ஒரு மூலையில் பாட்டி ஒருத்தி பேரனுக்கு உருளைக்கிழங்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். நாய் ஒன்று கணப்பு அடுப்புக்கு முன்னால் படுத்திருந்தது. பாதிரியார் ஒருவர் பத்திரிகை படித்தார். ஊர்ச் சாவடியும் காபி ஹோட்டலும் வீட்டுத் திண்ணையும் ஒன்றாகச் சேர்ந்த இடம். குடிக்கிறவர்கள் குடிக்கிறார்கள், அதற்காக அவசரமும் இல்லை, ஒளிவும் இல்லை.

சர்வர் வந்து "என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்பார் என்று உட்கார்ந்திருந்தால் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நாமே எழுந்துபோய்ப் பலகையருகில் நின்று சொல்ல வேண்டும். வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யாருக்குப் பிறகு யார் என்று அங்கே நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். முந்திக்கொண்டு கையை நீட்டினால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். நம்மைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். பானம் வாங்குவதில் ஒரு முறை உண்டு. ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த தடவை இன்னொருவர். கணக்கு எழுதிவைப்பதில்லை, ஆனால் மறப்பதுமில்லை. நம் கல்யாண மொய் மாதிரிதான்.

கிழவரும் டாக்டரும் பீர் வாங்கிக்கொண்டார்கள். எங்கள் இருவருக்கும் ஜிஞ்சர் பீர் என்றான் டாக்டர். மானேஜர் பதறிப்போய், "எனக்கு வேண்டாண்டா, சுவாமிமலைக்கு மாலை போட்டிருக்கேன்" என்றான். அதில் பீரும் இல்லை, போதையும் இல்லை, இஞ்சியும் சர்க்கரையும்தான் என்று புரியவைக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஒரு வாய் குடித்தவன், "தீபாவளி லேகியத்தைக் கரைச்சாப்பல இருக்கே!" என்று இரண்டாவது கிளாஸும் வாங்கிக்கொண்டான்.

கிழவர் வாட்டிய மாட்டிறைச்சியும் யார்க்ஷயர் புட்டிங்கும் வாங்கிக்கொண்டார். புட்டிங் என்றால் தித்திப்பு அல்ல. பூரி போல உப்பிய மாவுக் கிண்ணம், அதில் குழம்பு ஊற்றிக்கொள்கிறார்கள். மாமிசம் சாப்பிடாத எங்களுக்கு 'உழவன் சாப்பாடு' வந்தது. பெரிய தட்டில் ரொட்டித் துண்டு, பாளம் பாளமாகப் பாலாடைக்கட்டி, காடியில் ஊறிய முழு வெங்காயம், இனிப்பும் புளிப்புமாகக் கறுப்பாய் ஒரு தொக்கு, பாதி ஆப்பிள். பார்த்தவுடன் எனக்கு வயல் வரப்பில் தூக்குச்சட்டியைத் திறந்து பழையதும் சின்ன வெங்காயமும் ஊறுகாயும் சாப்பிடுகிறவர்கள் ஞாபகம் வந்தது. எந்தத் தேசத்திலும் ஏர் பிடிக்கிறவனுக்கு வெங்காயமும் ஊறுகாயுந்தானா என்று உருகிக்கொண்டிருந்தேன். கிழவர் சிரித்தார். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பழசுதான். ஆனால் இந்தப் பெயரை ஊரெல்லாம் பரப்பியது 1960களில் பால் விற்பனை வாரியம், பாலாடைக்கட்டி அதிகம் விற்க வேண்டும் என்பதற்காக என்றார். தாம் பையனாக இருந்தபோது அப்பா அதை மத்தியானச் சாப்பாடு என்றுதான் சொல்வாராம். எப்படியிருந்தாலும் பசிக்கு அது தேவாமிருதம். வெங்காயத்தைக் கடித்தால் காது வழியாகக் காற்று வருகிறது.

தட்டுகளை எடுத்த பிறகு மானேஜர் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவன் பையைத் திறந்து, முறுக்குப் பொட்டலத்தை முதலில் வெளியே வைத்தான். பிறகு கவரை வைத்தான்.

"தம்பி கொடுத்தான்."

டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் பிரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான். நாங்கள் மூவரும் முறுக்கைத் தின்றோம். கிழவர் முறுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"கிழக்கே மேலத்தெரு... தெற்கே மடத்துத் தோட்டம்... வடக்கே அரசலாறு" என்று டாக்டர் வாய்க்குள் சொன்னான். நான்கெல்லையைப் படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தான். "வழிநடையைக் காணோமே?"

"எந்த வழிநடை?"

"கொல்லை வழியா ஆத்துக்குப் போற வழிடா. தெருவில பாதிப்பேர் நம்ம ரேழி வழியாத்தானே வருவாங்க, படித்துறைக்கு? அம்மா வாசக்கதவைத் தாப்பாள் போட்டே நான் பாத்ததில்லை. கீழத்தெரு ஜனங்களுக்குக் கொல்லைப் பக்கம் தனி வழி. பதினெட்டாம் பெருக்குன்னா எத்தனை பேர்!"

"அது பத்திரத்துல இல்லை. மூலப் பத்திரத்துலயும் இல்லை. நான் பாத்துட்டேன்" என்றான் மானேஜர்.

"இருபது வருஷம் நடந்தா பாத்தியம்னு இப்பத்தானே சொன்னே? இவங்க அறுபது வருஷமா நடக்கறாங்க."

"சட்டம் அப்படித்தான். பத்திரத்துல எழுதாட்டாலும் பாத்தியம் பாத்தியந்தான்."

"வாங்கறவன் மதில் எழுப்பினா எந்தக் கிழவி கோர்ட்டுக்குப் போவா?"

மானேஜர் பதில் சொல்லவில்லை. பிறகு மெதுவாக, பாங்கியில் பேசுகிற குரலில் சொன்னான்: "வழிநடை எழுதினா வாங்கறவன் வாங்க மாட்டான். வாங்கினாலும் விலையைக் குறைப்பான். அவன் கொல்லையை அடைச்சு ரூம் ரூமாக் கட்டப் போறான். உன் தம்பிக்கு ரெண்டு பொண்ணு. மூத்தவளுக்கு நிச்சயம் ஆயிடுத்து. அம்மாவைக் கடைசி ஆறு வருஷம் வச்சுப் பாத்துண்டவன் அவன். அவன் கேக்கறதும் நியாயந்தான்."

அது வாஸ்தவம். எனக்கும் தம்பியைத் தெரியும். பேராசைக்காரன் அல்ல. ஆஸ்பத்திரி வராந்தாவில் எத்தனை ராத்திரி உட்கார்ந்திருந்தான் என்பதை நான் பார்த்திருக்கிறேன். பதினெட்டு வருஷம் வெளியே இருந்துவிட்டு வழிநடையைப் பற்றிப் பேசுவது சுலபம் என்று அவன் சொன்னால், அவனை மறுத்துச் சொல்ல என்னிடமும் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கொல்லை வழியாகக் குடத்தோடு போகிற பெண்களையும் நான் பார்த்திருக்கிறேன். டாக்டரின் தாயார் முருங்கைக்கீரை ஒடித்து ஒவ்வொருத்தி இடுப்பிலும் செருகி அனுப்புவாள்.

என்ன பேச்சு என்று கிழவர் கேட்டார். டாக்டர் சொன்னான். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். காகிதத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டுமானால் தாம் போடுவதாகச் சொல்லிச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அதெல்லாம் லண்டனில் தூதராலயத்துக்குப் போய்ச் செய்ய வேண்டியது என்று மானேஜர் விளக்கினான். கிழவர் பேனாவை மூடி வைத்துக்கொண்டு, காகிதத்தின் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். மட்டமான காகிதம் என்று அவர் முகத்திலிருந்து தெரிந்தது.

டாக்டர் அவரிடம் பென்சிலை வாங்கினான். வடக்கே அரசலாறு என்ற வரிக்குப் பக்கத்தில், 'கீழத்தெருவாருக்கு ஆற்றுக்குப் போக வர நாலடி அகலத்தில் வழிநடைப் பாத்தியம் உண்டு' என்று பொடி எழுத்தில் எழுதினான். நாலு என்பதை அடித்து ஆறு என்று போட்டான். கொஞ்சம் யோசித்து மறுபடி நாலாக்கினான்.

"குறையற பணத்தை என் பங்கிலே எடுத்துக்கட்டும். கல்யாணத்துக்கு முன்னாடி அவன் கைக்குப் போய்ச் சேரணும். எவ்வளவு குறையும்?"

மானேஜர் தொகையைச் சொன்னான். டாக்டர் பீர் கிளாஸை நகர்த்தி வைத்தான். அவன் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று தெரிந்தது. இருந்தாலும் பென்சில் எழுத்தை அழிக்கவில்லை.

"வாங்கறவன் வேண்டாம்னு போயிட்டா?"

"வேற ஆள் பாருங்க."

"நிச்சயதார்த்தம் முடிஞ்சாச்சுடா. ஆவணியிலே முகூர்த்தம்."

அதற்கு அவனிடம் பதில் இல்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. நாய் எழுந்து கதவருகில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுத்தது. அடுத்த முறை தம்முடையது என்று சொல்லிக் கிழவர் எழுந்து பலகையருகில் போனார்.

"தம்பிகிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்றான் மானேஜர். "நீயே பேசு."

"பேசறேன். இப்ப அங்கே என்ன மணி?"

இங்கே மூன்று. நான் விரல் விட்டு எண்ணி, ஏழரை என்றேன்.

"சாப்பிட உக்காந்திருப்பான்" என்றான் டாக்டர். டெலிபோனை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டான். "சாப்பிட்டு முடிக்கட்டும்."